'மூலை வீடு – நடப்பு' என்ற பட்டன்

பெயர்: தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. வயது: முப்பத்தெட்டு. தொழில்: படவரைவாளர். கணவர் தொழில்: கணினி பழுது பார்ப்பவர். விலாசம்: தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள அடுக்குக் கட்டடம், இரண்டாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் அவருடைய தம்பியான என் கொழுந்தனுடனும் குடியிருந்து வருகிறேன். அவர்கள் இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. கட்டடங்களின் கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கெங்கே வர வேண்டும் என்று கம்பிப் படம் போடும் ஓர் அலுவலகத்தில் நானும் கொழுந்தனும் வேலை பார்க்கிறோம். அந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டவள் நான். அலுவலகத்து முதலாளி ஒரு பொறியாளர். அவர் கணக்குப் போட்டுக் கொடுப்பதை நாங்கள் கணினியில் வரைந்து, அச்செடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கட்டுமிடத்துக்கு அனுப்புவோம். அலுவலகத்தில் என்னை 'ஸ்கேல்' என்று கூப்பிடுவார்கள். அளவில் பிசகமாட்டேன் என்பதற்காக வைத்த பெயர் என்று பொறியாளர் சொல்வார். எவர் சொன்னதையும் நம்பாமல் மறுபடி அளந்து பார்ப்பவள் என்பதற்காக வைத்த பெயர் என்று எனக்குத் தெரியும். இரண்டில் எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை.

பட்டன் என்றால் என்ன என்று இந்த வாக்குமூலத்தை வாங்கும் விசாரணை அதிகாரி கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். எங்கள் படங்கள் எல்லாம் சர்வர் என்கிற ஒரு பொதுக் கணினியில் இருக்கின்றன. ஒரு படத்தைத் திறக்க வேண்டுமானால் ஆண்டு, கட்டட உரிமையாளர், கட்டடம், கம்பி வேலை, நடப்பு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நுழைந்து போக வேண்டும். கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வந்துசேராது. "வரையறதை விட தேடறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறேன் போல" என்று பொறியாளர் சலித்துக்கொள்வார். வரைபட மென்பொருளில் படம் திறக்கும் ஜன்னலின் இடது ஓரத்தில் ஒரு பட்டை உண்டு. வேண்டிய ஃபோல்டரை இழுத்து அந்தப் பட்டையில் விட்டால் அது ஒரு பட்டனாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரே அழுத்தில் நேராக அந்த ஃபோல்டருக்குள் போய்விடலாம். ஓர் இருக்கையில் உள்ள கணினியில் இப்படிச் செய்து வைத்த பட்டன்களை ஒரு கோப்பாகச் சேமித்து மற்ற எல்லா இருக்கைகளிலும் ஏற்றிவிடவும் முடியும்.

இந்த வழியை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். அலுவலகத்துக் கணினிகளை எல்லாம் அவர்தான் பராமரிக்கிறார். நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பட்டன் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் ஒன்றை அன்றைக்கே சொன்னேன். பட்டனின் மேல் எழுதியிருக்கும் பெயர் நாம் தட்டச்சு செய்வது. அது எந்த ஃபோல்டருக்குப் போகிறது என்பது வேறு விஷயம். பெயரை அப்படியே வைத்துவிட்டுப் போகுமிடத்தை மட்டும் மாற்றினால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் நான் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்திவிட்டு, மேலே ஓடும் முகவரி வரியைப் படித்துவிட்டுத்தான் படத்தைத் திறப்பேன். "கட்டின புருஷன் போட்ட பட்டனையே நம்பமாட்டீங்களா அண்ணி?" என்று கொழுந்தன் கிண்டல் செய்வான். அண்ணன் போட்டது என்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவான்.

மேற்படி பட்டன்கள் தவிர அவரவர் சொந்தப் பட்டன்களும் உண்டு. கொழுந்தன் தன் இருக்கையில் 'பாட்டு' என்று ஒரு பட்டன் வைத்திருந்தான். அதை அழுத்தினால் அவன் பாட்டுகள் சேர்த்து வைத்திருந்த ஃபோல்டர் வரும். என் இருக்கையிலும் அதையே போட்டுவைத்தான். நான் திட்டினேன். எடுக்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு, கோடை தொடக்கத்தில் சர்வர் கெட்டது. என் கணவர் சாமான் அறையில் கிடந்த பழைய கணினி ஒன்றை எழுப்பி, தன்னிடம் இருந்த பழைய நகலை அதில் இறக்கி, எல்லாப் பட்டன்களையும் அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டார். நாங்கள் அதை 'ஓரத்து மெஷின்' என்போம். சர்வர் சரியானதும் அதில் இருந்த படங்கள் ஒன்றும் குறையாமல் திரும்பக் கிடைத்தன. கணவர் பட்டன்களை மறுபடி சர்வருக்குத் திருப்பி, அந்தக் கோப்பை எங்கள் எல்லோருடைய இருக்கையிலும் ஏற்றினார். அவரவர் சொந்தப் பட்டன்கள் அழிந்துபோனதால் கொழுந்தன் தன் பாட்டுப் பட்டனை மறுபடி இரண்டு இருக்கைகளிலும் போட்டான். "இனி எல்லாம் பழையபடி சர்வர்தான், தைரியமா வேலை பாருங்க" என்று கணவர் சொன்னார். அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்த கட்டடங்களின் பட்டன்களை அழுத்தி முகவரியைப் பார்த்தேன். சரியாக இருந்தன. 'மூலை வீடு – நடப்பு' என்ற பட்டனை நான் அழுத்திப் பார்க்கவில்லை. அந்த வீட்டு வேலையை அதற்கு முன்பே முடித்து வைத்திருந்தேன். அதன் பிறகு என் தாயாருக்குக் கண் அறுவை என்பதால் விடுப்பில் போனேன்.

மூலை வீடு என்று நாங்கள் சொல்வது இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் எழுந்துவரும் மாடி வீட்டை. அதன் முன்பக்கப் பால்கனிக்குக் கீழே முதலில் இரண்டு தூண்கள் இருந்தன. வண்டி திருப்ப இடைஞ்சல் என்று உரிமையாளர் சொன்னதால் பொறியாளர் தூண்களை எடுத்துவிட்டார். தூண் இருந்தால் பால்கனியின் முக்கியக் கம்பி ஸ்லாப் என்கிற கான்கிரீட் தளத்தின் அடியில் இருக்க வேண்டும். தூண் இல்லாமல் வெளியே நீட்டி நிற்பதானால் அது மேல்பக்கம் வர வேண்டும். கையில் பாரத்தைத் தூக்கி நீட்டினால் தோளின் மேல்பக்கம் இழுப்பது போலத்தான். அதன்படி புதிய தூண் தாளையும் புதிய ஸ்லாப் தாளையும் நானே வரைந்து சர்வரில் வைத்தேன். தூண் தாள் அப்போதே கட்டுமிடத்துக்குப் போய்விட்டது. ஸ்லாப் தாள் பொறியாளர் பார்ப்பதற்காகக் காத்திருந்தது.

நான் விடுப்பில் இருந்தபோது, பால்கனி விளிம்பின் அடியில் மழைநீர் உள்ளே ஓடாமல் சொட்டி விழ ஒரு பள்ளம் வேண்டும் என்று பொறியாளர் கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறார். அவன் தன் இருக்கையில் மூலை வீட்டுப் பட்டனை அழுத்தி, வந்த ஸ்லாப் படத்தைத் திறந்து, பள்ளத்தை வரைந்து, அச்செடுத்துக் கொடுத்தான். பொறியாளர் கையெழுத்துப் போட்டார். தூண் இல்லாத வீட்டுக்குத் தூண் இருந்த காலத்து ஸ்லாப் தாள் போய்ச் சேர்ந்தது. கையெழுத்துப் போட்ட கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை என்று அதிகாரி அவரிடமும் கேட்பார் என்று நம்புகிறேன். கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பிய அன்றே என் கணினி புகை வந்து நின்றுபோனது. மின்சாரம் கொடுக்கும் பெட்டி மட்டும் கருகியிருக்கிறது என்று கணவர் பார்த்துச் சொல்லி, கணினியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் பிறகு வேறொருவர் இருக்கையில் உட்கார்ந்து வேறு கட்டடத்தின் தாள்களைச் சரிபார்த்துவந்தேன். என் கணினி எங்கள் வீட்டு அலமாரிக்குக் கீழே கிடந்தது. அது கிடந்த இடத்தைக் குறிப்பாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பவத்தன்று காலை மூலை வீட்டில் பால்கனிக்கு அண்டை கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்திருக்கிறார்கள். கடைசி முட்டுக்கட்டையை எடுத்தபோது பால்கனி சுவரோரம் முறிந்து கீழே விழுந்தது. முட்டுப் பிரித்த தொழிலாளி அதற்குள் சிக்கினார். நானும் கொழுந்தனும் மருத்துவமனைக்குப் போனோம். அவர் உயிரோடு இருக்கிறார். இடுப்புக்குக் கீழே என்ன மிஞ்சும் என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. அவருடைய மனைவி அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றார். "படம் போட்டவங்க நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார். கொழுந்தன் ஆமாம் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து சுவரோரம் வாந்தி எடுத்தான். குற்றம் செய்துவிட்டு நடிப்பவனை எனக்கு அடையாளம் தெரியும். அவன் நடிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் காவல்துறையினர் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஸ்லாப் தாளின் அடியில், பார்த்தால் எறும்பு வரிசை என்று நினைக்கும் அளவில், அந்தப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த இருக்கையில் அச்சானது என்ற விவரம் தானாகவே அச்சாகும். அதில் ஓரத்து மெஷின் என்றும் கொழுந்தன் இருக்கை என்றும் இருந்தது. காவல்துறையினர் கொழுந்தனின் கணினியைத் திறந்து மூலை வீட்டுப் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். அது சர்வருக்குத்தான் போனது. மற்ற கணினிகளிலும் அப்படியே. பட்டன் சரியாக இருக்கும்போது பழைய படத்தைச் சாமான் அறைக் கணினிக்குள் தேடிப் போய் எடுத்தது ஏன் என்று அவனைக் கேட்டார்கள். "நான் தேடிப் போகல சார். பட்டனைத்தான் அழுத்துனேன்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவன் சமீபத்தில் பொறியாளரிடம் சண்டை போட்டு, வேறு அலுவலகத்தில் சேரப்போவதாக விலகல் கடிதம் கொடுத்திருந்தான். போகிற போக்கில் வேண்டுமென்றே குழிபறித்துவிட்டான் என்று பொறியாளர் சொன்னார். அதைக் கேட்டு அவனைக் காவல்நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள்.

ஜீப்பில் ஏறும்போது கொழுந்தன் என்னிடம், "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க. அண்ணன் வந்து மெஷினைப் பார்த்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு" என்றான். சொல்கிறேன் என்றேன்.

எல்லோரும் போன பிறகு அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமல்தான் அந்த ஜன்னலைத் திறந்தேன். இடது பட்டையில் கட்டடப் பட்டன்கள் வரிசையாக இருந்தன. பாட்டுப் பட்டனைக் காணவில்லை. அவன் சோறில்லாமல் இருந்தாலும் இருப்பான், அந்தப் பட்டன் இல்லாமல் இருக்கமாட்டான். முந்தின நாள் காலையில்கூடப் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்தான், பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். மற்ற இருக்கைகளையும் பார்த்தேன். யாருடைய சொந்தப் பட்டனும் இல்லை. பட்டன் கோப்பை மறுபடி ஏற்றினால்தான் அப்படி அழியும். ஆக, சம்பவம் நடந்த பிறகு, காவல்துறை வருவதற்கு முன்பு, யாரோ எல்லாக் கணினிகளிலும் கோப்பை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள்.

நான் சந்தேகப்பட்டது பொறியாளரை. பழியைத் தள்ளிவிட அவருக்குத்தான் தேவை இருந்தது. நேராக அவர் அறைக்குப் போய், பட்டன்களை மாற்றியது யார் என்று கேட்டேன். "எந்தப் பட்டன்? சட்டைப் பட்டனா? எனக்கு அந்த ஜன்னலைத் திறக்கவே யாராவது பக்கத்துல நிக்கணும், உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும். அவர் படம் திறக்க வேண்டுமானால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். ஆனாலும் தெரியாதது போல் நடிக்கிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவருக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "அந்தக் கோப்பு உன்கிட்டயும் இருக்குல்ல, ஸ்கேல்?" என்று கேட்டார். இருக்கிறது. அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே நடையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து, "பாவம், உங்க வீட்டுக்காரரு காலைல அவ்ளோ சீக்கிரமா வந்து எல்லா மெஷினையும் போட்டுப் பார்த்துட்டுப் போனாரு, அப்படியும் தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார். அந்த அக்காதான் தினமும் அலுவலகத்தைத் திறப்பவர். என் கணவர் அன்று காலை ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகள் பழுதாகிவிட்டன என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து புறப்பட்டார். அக்கா துடைத்த ஈரத்தின் மேலேயே நடந்து போய்விட்டேன்.

வழி முழுக்கக் கணவருக்காக என்னென்னவோ சமாதானம் தேடினேன். தம்பிக்கு உதவத்தான் வந்திருப்பார், பள்ளிக்கூடத்துக்கு அதன் பிறகு போயிருப்பார் என்று. பதினொரு வருஷம் வாழ்ந்த மனிதரைப் பற்றி இப்படி நினைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. பாம்பென்றும் தாண்ட முடியவில்லை, பழுதையென்றும் மிதிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு கல் உப்புக் குறைந்தாலும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பவர் அவர். அன்றைக்கு முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் உப்பில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் என் சந்தேகம் உறுதியானது. அதிகாரி இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவரிடம், தம்பி உங்களை வந்து பார்க்கச் சொன்னான் என்றேன். "போகணும்" என்றார். போகவில்லை. என் கணினி எப்போது சரியாகும் என்று கேட்டேன். "அது ஹார்ட் டிஸ்க்கே போயிடுச்சு. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்" என்றார். கருகியது மின்சாரப் பெட்டி மட்டும்தான் என்று அவரே சொன்னது எனக்கு நினைவிருந்தது. அலுவலகக் கணினிகளில் எல்லாம் பட்டன்கள் மாற்றப்பட்டுவிட்டன. சம்பவத்துக்கு முன்பிருந்த பட்டன்கள் மாறாமல் இருக்கும் கணினி உலகத்தில் ஒன்றுதான். அது என் அலமாரிக்குக் கீழே இருந்தது. அவர் அதை அழிக்கப் போகிறேன் என்கிறார். "சரி, நாளைக்குப் பண்ணுங்க" என்று சாதாரணமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் கணினியைப் போர்வையில் கட்டி, கீழ்வீட்டுக்காரரின் வண்டியில் வைத்து, என் கணவருக்கு அறிமுகமில்லாத ஒரு பழுதுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் புதிய மின்சாரப் பெட்டியை மாட்டினார். கணினி உடனே எழுந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைபட மென்பொருளைத் திறந்தேன். இடது பட்டையில் கட்டடப் பட்டன்களும், கடைசியில் 'பாட்டு' என்ற பட்டனும் இருந்தன. பாட்டுப் பட்டன் இருந்தால் கோப்பு மாற்றி ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். பிறகு 'மூலை வீடு – நடப்பு' என்ற பட்டனின் விவரத்தைத் திறந்து அது போகுமிடத்தைப் படித்தேன். ஓரத்து மெஷின் என்று இருந்தது. மற்ற எல்லாப் பட்டன்களும் சர்வருக்குப் போயின. அந்த ஒன்று மட்டும் திருப்பப்படாமல் விட்டுப்போயிருந்தது. அண்ணன் போட்ட பட்டனைத் தம்பி அழுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். நான் எதையும் மாற்றாமல் கணினியை அணைத்தேன். கடைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தார். அவரையும் சாட்சியாக விசாரிக்கலாம்.

கணினியை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கணவர் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "ஒன்னே ஒன்னு விட்டுப்போச்சு. வேணும்னு பண்ணல. ஒவ்வொன்னா மாத்திட்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டாங்க, வந்து பார்த்து முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றார். அதை நான் நம்புகிறேன். யானைக்கும் அடி சறுக்கும். அவர் சறுக்கியதற்காக நான் இங்கே வரவில்லை. சம்பவம் தெரிந்ததும் மறுநாள் காலையில் போய் எல்லாப் பட்டன்களையும் திருத்தியது யார் என்று கேட்டேன். தம்பி மாட்டிக்கொள்வான் என்று தெரியாதா என்று கேட்டேன்.

அதற்கு அவர், "அவன் தனி ஆளு. அவன் பேர்ல ஒன்னும் நிக்காது, கொஞ்ச நாள்ல வெளிய வந்துடுவான். நான் உள்ள போனா இந்த வீடு என்ன ஆகும்? நீ என்ன ஆவ?" என்றார்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவருக்கு ஆடவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. "என் பேரைச் சொல்லி அவனை உள்ள வைக்காதீங்க. இன்னைக்கே வந்து உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒரு தப்பு, நான் சொன்னா ரெண்டு தப்பு" என்றேன். "நீ எனக்குப் பொண்டாட்டியா, போலீசா?" என்று கேட்டார். "பொண்டாட்டிங்கறதாலதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்" என்றேன். யோசிக்க நேரம் வேண்டும் என்றார். எதை யோசிப்பதற்கு என்று நான் கேட்கவில்லை. யோசிக்க விட்டால் அலமாரியை விட்டு எழுந்து கடை கடையாகத் தேடப் போவார் என்று தோன்றியது. மன்னிக்கவும், இது என் ஊகம். ஆனால் அப்படித் தோன்றியதால்தான் அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய்க் கணினியை எடுத்துக்கொண்டு இந்தக் காவல்நிலையத்துக்கு வந்தேன்.

கணவருக்கு எதிராக வாக்குமூலம் தர என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று அதிகாரி தொடக்கத்திலேயே சொன்னார். நான் அவருக்கு எதிராகச் சொல்லவில்லை, பட்டன் எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன் என்றேன். கணினியை என் கண்முன்னால் உறையிட்டு, ஒட்டிய இடத்தில் என் கையெழுத்தையும் வாங்கிய பிறகுதான் பேசத் தொடங்கினேன். அதிகாரிக்கு அது மனவருத்தம் தந்ததாகத் தெரிந்தது. அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. எல்லோர்மேலும் இருப்பதுதான். கணினியைத் திறக்கும்போது கடைக்காரப் பெண்ணோ நானோ உடனிருக்க வேண்டும் என்றும், அதிலுள்ள எந்தப் பட்டனையும், பாட்டுப் பட்டன் உட்பட, அழிக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாக்குமூலம் பாதி எழுதப்பட்டிருந்தபோது என் கணவர் காவல்நிலையத்துக்கு வந்தார். என்னைத் தேடி வந்தாரா, தானாகச் சொல்ல வந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் இன்னும் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கொழுந்தன் இருக்கும் அறையிலிருந்து அந்தப் பெஞ்சு தெரியும். சற்று முன்பு அவன் காவலரிடம், "அண்ணன் வந்துட்டாரு சார், இனிமே எனக்குப் பயமில்ல. அவரையே கேளுங்க, பட்டனைப் பத்தி அவரு சொல்லுவாரு" என்று சொன்னது இந்த அறைக்குள் எனக்குக் கேட்டது. அதிகாரிக்கும் கேட்டது. எழுத்தர் எழுதாமல் நிறுத்தியிருந்தார். அதையும் எழுதும்படி சொல்லி எழுதவைத்தேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று நானே வாங்கி, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படித்தேன். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது. நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே உண்மையாகச் சொல்லியிருக்கிறேன். ஊகித்த இடத்தில் ஊகம் என்றே சொல்லியிருக்கிறேன். எவருடைய தூண்டுதலாலும் எவர் மேலுள்ள பகையாலும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
படவரைவாளர், மேற்படி விலாசம்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. வாக்குமூலம் அளித்தவர் கையெழுத்திட்ட பிறகு வெளியே போகாமல் இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்க அனுமதி கேட்டார். அனுமதிக்கப்பட்டது. அதன் பிறகு பெஞ்சில் இருந்தவர் உள்ளே அழைக்கப்பட்டார்.

(ஒப்பம்)
விசாரணை அதிகாரி